மாத்திரை போட்டாச்சுல்ல

காலையில் விழுங்கிய தலைவலி மாத்திரை இன்னும் வயிற்றிலேயேதான் கிடக்கிறது என்பது பூங்கொடிக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் சந்தேகம் வருமே, அது மாதிரி இல்லை. பூட்டவில்லை என்று சில சமயம் நிச்சயமாகவே தெரிந்துபோகுமே, அது மாதிரி. குடும்ப நல நீதிமன்றத் தாழ்வாரத்தில் சுவரோரம் போட்டிருந்த நீள பெஞ்சின் இந்தக் கோடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோடியில் செழியன். நடுவில் கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுடைய அப்பா, பிறகு மடியில் காகிதக் கட்டை அணைத்துக்கொண்டு ஒரு பெரியவர். பெயர் கூப்பிடுகிறவரைக்கும் செழியன் அவளுக்குப் புருஷன். கூப்பிட்டு, நீதிபதியம்மா கேட்டு, இரண்டு பேரும் சம்மதம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் இல்லை. சண்டை கிடையாது, வழக்கு கிடையாது, இரண்டு பேரும் சேர்ந்து போட்ட மனு. கடைசி நாள் இதுதான். ஒரே ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வக்கீல் மெஹருன்னிசா நேற்று போனில் சொல்லியிருந்தாள்: "நல்லாத் தூங்கி எழுந்து தெளிவா வா பூங்கொடி. இந்த ஜட்ஜம்மா மூஞ்சியப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. போன வாரம் ஒரு பொண்ணு மூக்க உறிஞ்சுச்சு, ஜலதோஷம்தான், அதுக்கே வாய்தா போட்டுட்டாங்க. யாரோ மிரட்டிக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டாங்க." நாளையிலிருந்து கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. அடுத்த வாரம் அவள் மாற்றலாகிக் குன்னூர் அஞ்சலகத்தில் போய்ச் சேர வேண்டும். இந்தக் கதையைக் கீழேயே முடித்துவிட்டு மலையேற வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள். சிமெண்டு ஜாலி வழியாக வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழுந்திருந்தது. குழந்தை குனிந்து ஒரு கட்டத்தை எடுக்கப் பார்த்தது. பூங்கொடி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் கட்டங்கள் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு கண்ணை மூடினாலும் போகாது.

குற்றம் இட்லியுடையது. அல்லது அவளுடையது. நன்றாகத் தூங்கி எழுந்து பல் விளக்கும்போதே முதல் கொட்டாவி வந்துவிட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. பின்கழுத்தில் யாரோ கட்டைவிரலை வைத்து ஊன்றுகிற மாதிரி ஒரு பிடிப்பு. ஊரில் மற்றவர்களுக்குக் கொட்டாவி என்றால் தூக்கம். அவளுக்கு அது தலைவலி கிளம்பிவிட்டது என்கிற தந்தி. தந்தி வந்த அந்த நிமிஷமே மாத்திரையைப் போட்டிருக்க வேண்டும். தனியாக வந்த பிறகு போய்ப் பார்த்த சின்ன வயது டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "தலைவலி முத்திருச்சுன்னா வயிறு ஷட்டரை இறக்கிடும்மா. உள்ள இருக்கறது கீழ இறங்காது. இது மேல்பூச்சு போட்ட மாத்திரை. வயித்துல கரையாது, குடலுக்குப் போனாத்தான் கரைஞ்சு ரத்தத்துல சேரும். மூடின கடை வாசல்ல பார்சலை வெச்சுட்டு வந்தா யாருக்குப் பிரயோஜனம்? அதனால கொட்டாவி வரும்போதே, கழுத்து பிடிக்கும்போதே போட்டுருங்க. சாப்பாட்டுக்காகக் காத்திருக்காதீங்க, ரெண்டு பிஸ்கட்டைக் கடிச்சாப் போதும்." எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்தாள்? மாத்திரையைப் பிரித்துச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு, இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள். பிஸ்கட் டப்பா கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அந்த வாடகை வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. வெறும் வயிற்றில் போடாதே என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. யாரும் சொல்லாமலே இட்லி வேகட்டும் என்று நின்றாள். ஆவி வருவதற்குள் ஜன்னல் வெளிச்சம் ஓரத்தில் பிசிறு பிசிறாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இட்லி வெந்தது. அந்த வாசனையே ஆகவில்லை. இரண்டு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் குடித்து, மாத்திரையை விழுங்கினாள். விழுங்கும்போதே தெரியும், ஷட்டர் இறங்கிவிட்டது. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். அவள் கேட்டுத் தெரிந்துகொண்டே கெடுத்தாள்.

பழக்கம் அப்படி. பன்னிரண்டு வருஷம் ஒரு வீட்டில் இருந்தால் அந்த வீட்டை விட்டு வந்த பிறகும் அந்த வீடு விடாது. செழியனின் அம்மா, அவளுடைய அத்தைக்கு, ஒரே ஒரு மருத்துவ சாஸ்திரம்தான் தெரியும்: "வெறும் வயித்துல மாத்திரை போட்டா குடல் வெந்துரும்." அத்தையின் சர்க்கரை மாத்திரை மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது, அதற்கு சாஸ்திரத்தில் விலக்கு உண்டு. பூங்கொடியின் மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்னால். பூங்கொடியின் சாப்பாடோ எல்லாருடைய சாப்பாட்டுக்கும் பின்னால். மாமா, செழியன், செழியனின் டிபன் கேரியர், அத்தை, அப்புறம் அவள். கொட்டாவிக்கும் தட்டுக்கும் நடுவில் இத்தனை பேர். அத்தை பொல்லாதவள் ஒன்றும் இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு வந்தால், உட்கார வைத்து, சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி, "இன்னும் ரெண்டு வாய், இன்னும் ரெண்டு வாய்" என்று பக்கத்திலேயே நிற்பாள். பாசம்தான், சந்தேகமே இல்லை. அந்தப் பாசத்தை முதலில் விழுங்கிவிட்டு அதன்மேல் மாத்திரையை விழுங்க வேண்டும். பிறகு போய் இருட்டில் படுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து செழியன் வருவான். வந்தவுடன் அறைக்கதவைத் திறப்பான். திறந்த வாசலில் கூடத்து டியூப்லைட்டை முதுகில் வைத்துக்கொண்டு நின்று கேட்பான்: "மாத்திரை போட்டாச்சுல்ல?" போட்டாச்சு என்பாள். "அப்புறம் என்ன?" இந்த இரண்டு கேள்விகளையும் அவன் கோபமாகக் கேட்டதே இல்லை. அதுதான் அதிலே கஷ்டம். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் எங்கேயோ கோளாறு. கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் எரியும். அப்படி ஒரு உலகத்தில் அவன் ரொம்ப நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தான். முதலில் மருந்துக் கடை மேல் சந்தேகப்பட்டான், போலி மாத்திரை விற்கிறான் என்று. கடையை மாற்றினான். பிறகு மாத்திரை மேல் சந்தேகப்பட்டு வேறு மாத்திரை எழுதி வாங்கினான். அதுவும் எரியவில்லை. கம்பத்திலிருந்து வீடு வரை எல்லாவற்றையும் சோதித்துவிட்ட பிறகு மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மாதான் ஒருநாள் சமையலறையில் யாரிடமோ சொன்னாள், "வெள்ளிக்கிழமையானா தலைவலி வந்துருது பாரு, நம்ம வீட்டு ஆளுங்க வர்ற அன்னைக்காப் பாத்து." அவன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். இல்லை என்று சொல்லவில்லை. பூங்கொடி அந்தப் பக்கம் இருட்டில் படுத்தபடி, அவன் இல்லை என்று சொல்வான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

டவாலி வெளியே வந்து ஒரு பெயரைக் கத்தினான். கத்தல் இடது கண்ணுக்குப் பின்னால் போய் விழுந்தது. அவள் பெயர் இல்லை. குழந்தைக்காரியும் அவள் அப்பாவும் எழுந்து உள்ளே போனார்கள். பெஞ்சில் இப்போது காகிதக்கட்டுப் பெரியவர் மட்டும்தான் நடுவில். கைப்பைக்குள் இன்னொரு மாத்திரை இருந்தது. அட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். போடலாமா? முதல் மாத்திரை இறங்கவில்லை என்றால் இரண்டாவதும் அதன்மேலே போய் உட்காரும், பஸ் வராத நிறுத்தத்தில் கூட்டம் சேர்கிற மாதிரி. பஸ் வந்தால் இரண்டும் ஒன்றாக ஏறும். அந்த அனுபவம் அவளுக்கு உண்டு. கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும், செழியனின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். அப்போது அவள் போட்டுக்கொண்டிருந்தது வேறு மாத்திரை, தூக்கம் வரவைக்கிற ரகம். ஹோமப் புகைக்கு ஒன்று போட்டாள், கேட்கவில்லை. விருந்து பரிமாறும்போது இன்னொன்று. பாயசத்துக்கு முன்னால் மூன்றாவது. வலி அப்படியே இருந்தது, மாத்திரை போட்டதற்கான அடையாளமே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுத்தபோது வயிறு ஒரு சத்தம் போட்டது. அப்புறம் நடந்தது அவளுக்குத் தெரியாது. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்: எழுப்பினால் எழவில்லை, கன்னத்தில் தட்டினால் கண் சொருகிற்று, செழியன் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான், செருப்பு கூடப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தபோது அவன் முகம் ரொம்பப் பக்கத்தில் இருந்தது. "ஏன் இப்படிப் பண்ணின?" என்றான். அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை. தலைவலிக்குப் போட்டேன் என்றாள். மூணு மாத்திரையா என்றான். அன்றிலிருந்து மாத்திரை அட்டை அத்தையின் பீரோவுக்குள் போய்விட்டது. கேட்டால், சாப்பிட்டாயா என்று பார்த்துவிட்டு, ஒன்றைப் பிரித்துக் கொடுத்து, விழுங்குகிறவரை வாயையே பார்ப்பாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் அவள்மேல் பயம் வந்துவிட்டது, பயத்தை அக்கறை என்று கூப்பிட்டார்கள். செழியன் சமையலறைக் கத்தியைக்கூட மேல் அலமாரிக்கு மாற்றினான். காய் நறுக்க ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள்.

மாத்திரை அட்டையை உள்ளேயே விட்டுவிட்டுப் பையை மூடினாள். இப்போது பயம் வாந்தியைப் பற்றி இல்லை, வலியைப் பற்றியும் இல்லை. வார்த்தையைப் பற்றி. வலி உச்சிக்கு ஏறும்போது சில வார்த்தைகள் அவளை விட்டுப் போய்விடும். ஒருமுறை அஞ்சலகக் கவுண்டரில், பக்கத்து மேஜையில் முத்திரை டொம் டொம் என்று விழுந்துகொண்டிருக்க, எதிரே நின்றவரிடம் கொடுக்க வேண்டிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயர் தெரியாமல் விழித்தாள். பின்னால் பசை தடவிய அந்தச் சின்னக் காகிதம். பதினைந்து வருஷமாக விற்கிற பொருள். ஸ்டாம்பு என்று அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அது மாதிரி உள்ளே போய் நிற்கும்போது ஆகிவிட்டால்? நீதிபதியம்மா கேட்பார், அவள் வாயைத் திறப்பாள், அங்கே ஒன்றும் இருக்காது. அந்தம்மா என்ன நினைப்பார்? பெண் தயங்குகிறாள், மனசில்லை என்று நினைப்பார். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கோயம்புத்தூர்ச் சித்தி போன மாசம்கூடச் சொன்னாள்: "உனக்கு ஒத்துப் போகாதது எதுவோ அதுதான்டி தலைவலியா வருது. மனசு சொல்றதை உடம்பு காட்டுது." பூங்கொடிக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பல்வலிக்கு யாரும் பொருள் சொல்வதில்லை. காலில் முள் குத்தினால் மனசு என்ன சொல்லுகிறது என்று யாரும் கேட்பதில்லை. தலைவலிக்கு மட்டும் ஆளாளுக்கு உரை எழுதுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பும் வந்தது, அப்போது படிப்பு பயம் என்றார்கள். கல்யாணமான பிறகு மாமியார் பயம் என்றார்கள். தனியாக வந்த பிறகு தனிமை என்றார்கள். மூன்று வீட்டிலும் ஒரே தலை, ஒரே வலி. சம்மதம், சம்மதம் என்று உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. இன்னும் போகவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு இதே வார்த்தையைத்தான் அவளிடம் கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அவளுக்குச் சம்மதம்தான்" என்று சொல்லிவிட்டாள். அப்போதும் சம்மதம்தான், பொய் இல்லை. அவன் மீசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் அவள் வாயால் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் முதல்தடவை சொல்லப்போகிறாள். சம்மதம். திரும்பத் திரும்பச் சொன்னதில் அது தேய்ந்து, ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து சூடான மசி வாசனை வந்தது. யாரோ டீ கொண்டுபோனார்கள். அந்த டீ வாசனைக்கு வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு கை கழுவும் தொட்டி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அதுவரை போய்விட்டாள். புடவைமேல் படவில்லை, அது ஒன்றுதான் அப்போது முக்கியமாகத் தோன்றியது. காலையில் பிட்டுப் போட்ட இரண்டு வாய் இட்லியும் தண்ணீருமாக வந்தது, அதோடு ஏதோ ஒன்று தொட்டியின் பீங்கானில் டிக் என்று விழுந்தது. குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் நீண்டது. திரும்பாமலே யார் கை என்று தெரிந்தது, மணிக்கட்டில் அந்தப் பழைய தீக்காயம். வாயைக் கொப்பளித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செழியன் அவளைப் பார்க்கவில்லை, தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைப் பீங்கானில் ரோஸ் நிறத்தில் மாத்திரை கிடந்தது, கடையில் வாங்கின மாதிரியே. எரிந்துபோன ஃப்யூஸைப் பார்ப்பதற்கு அவன் குனிவது போலவே குனிந்து பார்த்தான். "இது எப்பப் போட்டது?" என்றான். "காலையில. எட்டு மணி இருக்கும்." "காலையில போட்டதா? மேல இருக்கற எழுத்துகூட அழியலயே." இந்த விஷயத்தை டாக்டர் சொன்ன அன்றைக்கே, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அவனுக்குப் போனில் நீளமாக எழுதினாள். மனு போட்டாகிவிட்டது, இனிமேல் எதற்கு என்று அனுப்பாமலே அழித்துவிட்டாள். இப்போது அவன் கேட்காமலே சொன்னாள்: "தலைவலி வந்தா வயிறு நின்னுரும். போட்டது அப்படியே கிடக்கும், கீழ இறங்காது. இறங்கினாத்தான் கரையும். டாக்டர் சொன்னாங்க." அவன் மூளைக்குள் கம்பி கம்பியாக எதையோ பிடித்துக்கொண்டு போவது அவளுக்குத் தெரிந்தது. "சப்ளை இருக்கு, லைன்ல ஏறல," என்றான். ஆமாம் என்றாள். "எப்பவுமேவா?" "எப்பவும்னு சொல்ல முடியாது. லேட்டாப் போட்டா." அவன் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நாம எப்பவும் லேட்டாத்தானே போட்டோம்," என்றான். நாம என்றான். அவனுடைய தலைக்கும் சேர்த்துப் போட்ட மாதிரி. தாழ்வாரத்தின் அந்த முனையில் டவாலி இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டான். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு யாரும் அப்படிச் சேர்த்துச் சொன்னதில்லை.

உள்ளே ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அத்தனை வெளிச்சத்தையும் எதற்கு ஒரு அறைக்குள் விடுகிறார்கள் என்று இருந்தது. நீதிபதியம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ரகம். முகத்தின் இடது பாதி பூங்கொடிக்குத் தெரியவில்லை, அங்கே வெள்ளி ஜரிகை மாதிரி ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. தெரிந்த பாதியைப் பார்த்து நின்றாள். மெஹருன்னிசா முன்னால் நின்று ஏதோ சொன்னாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. "ஏம்மா, யாரோட கட்டாயமும் இல்லாம, சுயபுத்தியோட, இந்தப் பிரிவுக்குச் சம்மதிக்கிறியா?" வாயைத் திறந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மின்விசிறி ஒரு சுற்று முடிக்கிற நேரம் இருக்கும். ஆனால் அந்த நேரத்துக்குள் அவள் அந்த வார்த்தையை வீடு முழுக்கத் தேடுகிற மாதிரி தேடிவிட்டாள். அப்புறம் அந்தம்மா கேட்ட கேள்விக்குள்ளேயே அது இருப்பது தெரிந்தது. "சம்மதங்கம்மா," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? அழுதியா?" "இல்லங்கம்மா. தலைவலி." "தலைவலியா," என்றார் அந்தம்மா. கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. அந்த ராகம் பூங்கொடிக்கு நன்றாகத் தெரியும், பன்னிரண்டு வருஷம் கேட்டது. கருணையோடு சொல்லுகிற அவநம்பிக்கை. "ஒண்ணும் அவசரம் இல்லம்மா. லீவு முடிஞ்சு வாங்களேன். அதுவரைக்கும் நிதானமா யோசி," என்று பக்கத்தில் இருந்தவரிடம் தேதி கேட்கத் திரும்பினார். மெஹருன்னிசா, "மேடம், அவங்க ரெண்டு தடவையும் சம்மதம்னு எழுதிக் குடுத்து..." என்று ஆரம்பித்தாள். முடிந்தது என்று நினைத்தாள் பூங்கொடி. மறுபடி ஒரு பஸ், மறுபடி ஒரு பெஞ்சு, மறுபடி ஒரு கொட்டாவி. அப்போது பக்கத்திலிருந்து செழியன் பேசினான். "அம்மா, ஒரு நிமிஷம். அவங்களுக்கு நிஜமாவே தலைவலிதாங்க. மாத்திரை போட்டிருக்காங்க, அது இறங்கல. இப்பத்தான் வெளிய நான் என் கண்ணால பாத்தேன். வேற ஒண்ணும் இல்லைங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "அவங்க சம்மதம்னு சொன்னா சம்மதம்தான். அவங்க சொல்றதை நம்பலாங்கம்மா."

இதற்காகத்தான் அவள் இருட்டு அறையில் அத்தனை வருஷம் காத்திருந்தது. கதவைத் திறந்து, டியூப்லைட்டுக்கு முன்னால் நின்று, அவன் தன் அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இந்த அறைக்கு வரவேண்டியே இருந்திருக்காது. அழக் கூடாது, ஒரு சொட்டு விழுந்தால் வாய்தா. பல்லைக் கடித்தாள். அழுகையை எதைக் கொண்டாவது அடைக்க வேண்டும், கைக்குக் கிடைத்தது வலிதான். இடது கண்ணுக்குப் பின்னால் அது எங்கே இருக்கிறதோ அங்கே போய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தத் தலைவலியால் ஒரு உபகாரம் நடந்தது. நீதிபதியம்மா அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க?" என்று அவனைக் கேட்டார். அவன் கொஞ்சம் தாமதித்தான். அந்தத் தாமதத்துக்கு அர்த்தம் தேடக் கூடாது என்று பூங்கொடி முடிவு செய்துகொண்டாள். "சம்மதம்," என்றான். காட்டிய இடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பேனா அவனுடையது.

வெளியே வாதாம் மரத்து நிழலில் ஒரு சிமெண்டு மேடை இருந்தது. மெஹருன்னிசா அடுத்த கட்சிக்காரரைத் தேடிப் போய்விட்டாள். பூங்கொடி உட்கார்ந்து கண்ணை மூடினாள். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு செழியன் கொஞ்சம் தள்ளி நின்றான், போவதா நிற்பதா என்று தெரியாமல். அப்போது அவள் வயிறு ஒரு சத்தம் போட்டது. நீளமாக, வெட்கமில்லாமல், பழைய மரக்கதவைத் திறக்கிற மாதிரி. அவனுக்கும் கேட்டுவிட்டது. "இன்னொண்ணு இருக்கா?" என்றான். "இருக்கு." "சாப்பிட்டுட்டு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "இல்ல. இப்பவே போட்டுரு." பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அட்டையிலிருந்து மாத்திரையை எடுத்து வெறும் வயிற்றில் விழுங்கினாள். வழக்கமாக இந்த இடத்தில் அவன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். கை பாதி எழுந்தது, பிறகு அதைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வர்றேன்," என்றான். அப்படித்தான் சொல்லவேண்டும், போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. "ம், வாங்க," என்றாள். வண்டிச் சத்தம் கேட் வரைக்கும் கேட்டது, பிறகு ரோட்டுச் சத்தத்தோடு கலந்துவிட்டது. இனி அழலாம், யாரும் வாய்தா போடமாட்டார்கள். ஆனால் அழுதால் வலி கூடும். மாத்திரை முதலில் இறங்கட்டும் என்று அவள் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.